ஸ்டாப்வாட்ச்சோடு ஃபேக்டரிக்குள் வந்தவர்: 'டார்கெட்' கணக்கை எழுதிய ஃபிரெட்ரிக் டெய்லர் யார்?

உணவு டெலிவரி செய்பவரின் செல்போனில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ், ஒன்று குறைந்தாலும் கிடையாது. கால் சென்டரில் ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிடம். தையல் கம்பெனியில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ். ஐ.டி. ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு அப்ரைசல்.

இந்த 'இத்தனை' எங்கிருந்து வருகிறது? யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து?

இதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஃபிரெட்ரிக் வின்ஸ்லோ டெய்லர். அமெரிக்க இன்ஜினீயர். 1915-ல் இறந்துபோனார். மேனேஜ்மென்ட் படிக்கிற எல்லோருக்கும் முதல் பாடத்திலேயே அறிமுகமாகும் பெயர். ஆனா பாடப் புத்தகத்தில் வராத பாதிக் கதைதான் சுவாரஸ்யமானது. தன் கையில் இருப்பது விஞ்ஞானம் என்று உறுதியாக நம்பியவர் அவர். அந்த விஞ்ஞானத்துக்குள் எவ்வளவு உத்தேசக் கணக்கு கலந்திருந்தது என்பது, அவர் இறந்து பல வருடங்கள் கழித்துத்தான் முழுசாக வெளியே வந்தது.

வக்கீல் வீட்டுப் பையன், பட்டறை வேலை

1856 மார்ச் 20. பிலடெல்பியா நகரத்தின் ஜெர்மன்டவுன் பகுதியில், வசதியான குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார் டெய்லர். அப்பா வக்கீல். அம்மா அடிமை முறையை எதிர்த்துப் பேசியவர். சிறுவயதில் குடும்பத்தோடு ஐரோப்பாவில் சில வருடங்கள். பிறகு ஃபிலிப்ஸ் எக்ஸிட்டர் என்ற பெயர் பெற்ற பள்ளி. ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேர்ச்சி. அப்பாவைப் போலவே வக்கீல் ஆகிவிடுவார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் கண் பார்வை சரியில்லை என்று ஹார்வர்டுக்குப் போகவில்லை. பிலடெல்பியாவில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தார். மர அச்சு செய்யவும் மெஷின் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலேயே உண்டு. விளையாட்டு மைதானம் அடி, அங்குலக் கணக்கில் சரியாக இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்க விடுவார் என்று கூட விளையாடிய நண்பர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரியவரான பிறகும் அது போகவில்லை. 1881-ல் நடந்த முதல் அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டியில் இரட்டையர் பட்டம் வென்ற ஜோடியில் அவர் ஒருவர். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோல்ஃப் ஆடி நான்காவது இடம் பிடித்தார். கரண்டி மாதிரி வளைந்த டென்னிஸ் மட்டை ஒன்றை வடிவமைத்து அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

1878-ல் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணக் கூலியாகச் சேர்ந்தார். அடுத்தடுத்து நேரக் கணக்கு எழுதும் கிளார்க், லேத் ஆபரேட்டர், கேங் பாஸ், ஃபோர்மேன் என்று ஏறி, கடைசியில் தலைமை இன்ஜினீயர் ஆனார். வேலை பார்த்துக்கொண்டே ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டில் படித்து 1883-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பட்டமும் வாங்கினார். அதற்கு அடுத்த வருடம் கல்யாணம்.

வேலையை ஏன் மெதுவாகச் செய்தார்கள்?

மிட்வேலில் லேத் ஓட்டும்போது டெய்லர் ஒரு விஷயத்தைப் பார்த்தார். தொழிலாளர்கள் தங்களால் முடிந்ததில் மூன்றில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதுவும் தற்செயலாக இல்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு நாளைக்கு எத்தனை செய்ய வேண்டும் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் யாரும் போகக்கூடாது.

சோம்பேறித்தனமா? இல்லை. இதில் டெய்லரைப் பாராட்டியே ஆகவேண்டும். முதலாளிகள் எல்லாம் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்த காலத்தில், இது புத்திசாலித்தனமான கணக்கு என்று அவருக்குப் புரிந்தது.

காரணம் இதுதான். ஆலையில் பீஸ் ரேட் கூலி. ஒரு பீஸுக்கு இவ்வளவு காசு. ஒருவர் வேகமாகச் செய்து அதிகம் சம்பாதித்தால், நிர்வாகம் சும்மா இருக்காது. இவ்வளவு செய்ய முடிகிறதா, அப்போ பீஸுக்கு இவ்வளவு காசு எதற்கு என்று ரேட்டைக் குறைத்துவிடும். கடைசியில் இரண்டு மடங்கு உழைத்து பழைய சம்பளத்தையே வாங்க வேண்டியிருக்கும். ஒருமுறை இப்படி அடிபட்டவர் மறுபடி வேகம் காட்டுவாரா? பக்கத்தில் இருப்பவரையும் காட்ட விடமாட்டார்.

டெய்லர் தொழிலாளியாக இருந்தவரை அவரும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் இருந்தார். கேங் பாஸ் ஆனதும் கட்சி மாறினார். இனி நிர்வாகத்தின் பக்கம் நிற்கப்போகிறேன் என்று பழைய தோழர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அடுத்த இரண்டு மூன்று வருடம் சண்டைதான். புதிய ஆட்களைக் கூட்டிவந்து லேத் சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொண்டதும் அவர்களும் பழையவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கோபத்தில் அவர்களுடைய ரேட்டையே பாதியாக வெட்டினார். ரேட் வெட்டுவதுதான் நோயின் மூலம் என்று கண்டுபிடித்தவரே ரேட்டை வெட்டினார்! பதிலுக்கு மெஷின்கள் உடைய ஆரம்பித்தன. ஓவர் ஸ்பீடில் ஓட்டச் சொன்னதால் உடைந்தது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். யார் உடைத்தாலும் ரிப்பேர் செலவில் ஒரு பங்கை அவரே கட்ட வேண்டும் என்று டெய்லர் அபராதம் போட்டார்.

கடைசியில் ஜெயித்தது டெய்லர்தான். எப்படி ஜெயித்தார் என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் தொழிலாளி வீட்டுப் பிள்ளை இல்லை. அதனால் மெஷின் உடைந்தபோது முதலாளிகள் தொழிலாளர்கள் பேச்சை நம்பாமல் அவர் பேச்சை நம்பினார்கள். தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்திருந்தால் அக்கம்பக்கத்து அழுத்தத்திலேயே பணிந்து போயிருக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதினார். தினமும் ராத்திரி ரயில் தண்டவாளம் ஓரமாக இரண்டரை மைல் தனியாக நடந்தே வீட்டுக்குப் போவார். உயிருக்கு ஆபத்து, துப்பாக்கி வைத்துக்கொள் என்று நண்பர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை.

மெஷின்களின் உற்பத்தி பல இடங்களில் இரண்டு மடங்கானது. ஆனா டெய்லருக்கு சந்தோஷம் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் முகத்தில் வெறுப்பைப் பார்த்துக்கொண்டே வாழ்வது கொடுமை என்று உணர்ந்தார். இந்தச் சண்டைக்கு என்ன காரணம் என்று யோசித்தார். ஒரு நாளைக்கு நியாயமான வேலை எவ்வளவு என்பது முதலாளிக்கும் தெரியாது, தொழிலாளிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக இருவரும் சண்டை போடுகிறார்கள். அதைச் சரியாக அளந்து சொல்லிவிட்டால் சண்டையே இருக்காதே!

இதுதான் அவருடைய மூல யோசனை. நல்ல எண்ணத்தில் பிறந்த யோசனை என்பதில் சந்தேகம் இல்லை.

9 பீஸ் செய்தால் ஒரு ரேட், 10 செய்தால் வேற ரேட்

அளக்க ஆரம்பித்தார். ஒரு வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் குறிப்பது, தேவையில்லாத அசைவுகளைத் தூக்கிவிடுவது, மிச்சத்தைக் கூட்டி, ஓய்வுக்கும் தாமதத்துக்கும் கொஞ்சம் சேர்ப்பது. வருகிற எண்தான் அந்த வேலைக்கான சரியான நேரம்.

மெஷினையும் விடவில்லை. எஃகை வெட்ட எந்த வேகம் சரி, எந்த ஆழம் சரி என்று கண்டுபிடிக்க ஆலை முதலாளி வில்லியம் செல்லர்ஸிடம் அனுமதி வாங்கினார். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த ஆராய்ச்சி 26 வருடம் நீண்டது. பல்லாயிரம் சோதனைகள். இதன் நடுவே மான்செல் வைட் என்பவரோடு சேர்ந்து அதிவேக எஃகு வெட்டுக் கருவியை உருவாக்கினார். முனை சூட்டில் சிவந்தாலும் மழுங்காது. 1900 பாரிஸ் கண்காட்சியில் வந்தவர்கள் அதைப் பார்த்து அசந்துபோனார்கள். டெய்லர் வேறு எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் இந்த ஒன்றுக்கே இன்ஜினீயரிங் வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு.

எஃகு விஷயத்தில் அவர் கணக்கை யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. சிக்கல் மனிதர்களை அளந்தபோதுதான் வந்தது.

1895-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். அதில் வந்ததுதான் இரட்டை பீஸ் ரேட் திட்டம். மிட்வேலில் நடந்ததையே உதாரணமாகச் சொன்னார். ஒரு எஃகு உதிரிபாகத்தைக் கடைவதற்கு முன்பு பீஸுக்கு 50 சென்ட். நாளைக்கு நான்கைந்துதான் செய்வார்கள். ஸ்டாப்வாட்ச் கணக்குப்படி 10 செய்யலாம் என்று டெய்லர் முடிவு செய்தார். புது ரேட் இப்படி: குறையில்லாமல் 10 முடித்தால் பீஸுக்கு 35 சென்ட். 10-க்குக் குறைந்தால் பீஸுக்கு 25 சென்ட்தான்.

கூட்டிப் பாருங்கள். 10 முடித்தால் மூன்றரை டாலர். 9-ல் நின்றால் இரண்டேகால் டாலர். ஒரே ஒரு பீஸ் வித்தியாசத்தில் ஒன்றேகால் டாலர் போய்விடும். டெலிவரி செயலியில் பார்க்கிற அதே பள்ளம்.

முதலாளிக்கு இதில் என்ன லாபம்? 50 சென்ட்டுக்கு வாங்கிய பீஸ் இப்போது 35 சென்ட். ஒரு மெஷினில் இரட்டிப்பு உற்பத்தி. தொழிலாளிக்கு? இரண்டரை டாலர் கிடைத்த இடத்தில் மூன்றரை. டெய்லர் பார்வையில் இருவருக்குமே லாபம். இந்த ரேட்டை எக்காரணம் கொண்டும் குறைக்கக்கூடாது என்பதையும் நிபந்தனையாகவே வைத்தார். பல முதலாளிகள் ஸ்டாப்வாட்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை விட்டுவிட்டார்கள் என்பது பின்னால் நடந்தது.

ஷவல் பிடிப்பதற்கும் ஒரு கணக்கு

1898-ல் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி டெய்லரை ஆலோசகராக அழைத்தது. இங்கே நடந்த சோதனைகள்தான் அவரை உலகப் பிரபலமாக்கின.

ஆலை முற்றத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் அள்ளிப்போட நூற்றுக்கணக்கான ஆட்கள். ஒவ்வொருவரும் சொந்த ஷவல் கொண்டுவருவார்கள். அதே ஷவலில் பொடி நிலக்கரி அள்ளினால் இரண்டு கிலோகூட வராது. தாது அள்ளினால் பதினேழு கிலோவைத் தாண்டும். ஒன்றில் ஆள் சும்மா கை வீசுகிறார், இன்னொன்றில் முதுகு ஒடிகிறது. டெய்லர் நல்ல ஆட்கள் சிலரை வைத்து எடையை மாற்றி மாற்றிச் சோதித்தார். ஒரு அள்ளுக்குச் சுமார் 21 பவுண்ட், அதாவது 10 கிலோவுக்குச் சற்று குறைவாக இருந்தால் ஒரு நாளில் மொத்தமாக அதிகம் அள்ள முடிகிறது என்று தெரிந்தது. கனமான தாதுக்குச் சின்ன ஷவல், லேசான கரிக்குப் பெரிய ஷவல். கம்பெனியே வாங்கி வைத்தது.

இது நல்ல யோசனை. இன்றைக்கும் யாரும் மறுக்க முடியாது.

அதோடு இன்னொன்றும் வந்தது. தினமும் காலையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. ஒன்றில் இன்றைக்கு எங்கே வேலை, என்ன கருவி. இன்னொன்றில் நேற்று செய்த வேலையின் கணக்கு. மஞ்சள் சீட்டு வந்தால் டார்கெட் எட்டவில்லை என்று அர்த்தம். தொடர்ந்து மஞ்சள் வந்தால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாது. மஞ்சள் நிறம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். இன்றைய டேஷ்போர்டுக்கு இதைத் தாத்தா என்றே சொல்லலாம்.

டெய்லர் தந்த கணக்கின்படி, 400 முதல் 600 பேர் வரை செய்த வேலையை 140 பேர் செய்தார்கள். ஒரு டன் அள்ளும் செலவு பாதிக்கும் கீழே போனது. நாள் கூலி 1.15 டாலரிலிருந்து 1.88 டாலராக உயர்ந்தது. மிச்சம் ஆட்கள் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள், யாரையும் தெருவில் விடவில்லை என்றார் டெய்லர்.

ஷ்மிட் கதை: எது நிஜம், எது கற்பனை?

எல்லாவற்றையும் விடப் பிரபலமானது இரும்புக் கட்டி கதை.

1899. ஆலை முற்றத்தில் மலைபோல் குவிந்து கிடந்த கச்சா இரும்புக் கட்டிகளை ரயில் வேகனில் ஏற்ற வேண்டும். ஒரு கட்டி 92 பவுண்ட், சுமார் 42 கிலோ. குனிந்து தூக்கி, பலகை மேல் நடந்து ஏறி, வேகனில் போட வேண்டும். ஒருவர் நாளைக்குச் சராசரியாக 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தார். 47.5 டன் ஏற்ற முடியும் என்றார் டெய்லர். கட்டிக் கணக்கில் சொன்னால், 10 மணி நேரத்தில் 1,100-க்கும் மேல். அரை நிமிடத்துக்கு ஒன்று.

இதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆளை ஷ்மிட் என்று புத்தகத்தில் அழைத்தார். நிஜப் பெயர் ஹென்றி நோல். வாட்ச் வைத்த ஒருவர் பக்கத்தில் நின்று, தூக்கு என்றால் தூக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும். முழு நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் கையில் சுமை இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் டெய்லர் கணக்கில் உண்டு. அந்த ஓய்வுதான் ரகசியம் என்றார். அன்று சாயங்காலம் நோல் 47.5 டன் ஏற்றி முடித்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது.

வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கூலி உயர்வு 60 சதவீதம். இந்தக் கணக்கைப் பார்த்து அப்போதே கொதித்தவர் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர். மிச்சம் எங்கே போனது என்று 1911-ல் பத்திரிகையில் கேட்டார். கூலியை ஒரேயடியாக உயர்த்தினால் ஆட்கள் கெட்டுப்போவார்கள், சுமார் 60 சதவீதம்தான் சரியான அளவு என்பது டெய்லரின் எண்ணம். அதற்கும் சோதனை செய்து பார்த்ததாகச் சொன்னார்.

இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் மாட்டைப் போல மந்தபுத்தி உள்ளவராக இருக்க வேண்டும் என்றும் டெய்லர் எழுதினார். அதே புத்தகத்தில்தான், ஷ்மிட் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து நிலம் வாங்கி, வேலைக்கு வருவதற்கு முன்பும் வேலை முடிந்த பிறகும் தன் கையாலேயே வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போல!

சரி, அந்த 47.5 எப்படி வந்தது?

1974-ல் சார்லஸ் ரெகே, அமெதியோ பெரோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டினார்கள். கிடைத்தது அதிர்ச்சி. டெய்லரின் உதவியாளர்கள் வலுவான ஹங்கேரியத் தொழிலாளர்கள் 10 பேரைத் தேர்ந்தெடுத்து, முடிந்தவரை வேகமாக ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். 14 நிமிடத்தில் 16.5 டன். அதை 10 மணி நேரத்துக்குப் பெருக்கினால் ஒருவருக்குச் சுமார் 71 டன். அதை 75 ஆக்கிக்கொண்டார்கள். ஓய்வுக்கும் தாமதத்துக்கும் என்று 40 சதவீதம் கழித்தார்கள். 45 டன் வந்தது. இதுதான் டார்கெட்டுக்கு அடித்தளம்.

ஏன் 40 சதவீதம்? ஏன் 30 இல்லை, 60 இல்லை? அதற்கு எந்த விஞ்ஞானமும் இல்லை. 14 நிமிடம் ஓடியவர் அதே வேகத்தில் 10 மணி நேரம் ஓடுவாரா என்று யாரும் கேட்கவில்லை. முதலில் இந்த ரேட்டுக்கு வேலை செய்ய மறுத்த குழுவையே வேலையை விட்டு அனுப்பினார்கள். பிறகு வந்தவர்களில் பலர் தாக்குப்பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அந்த அளவைத் தொட்ட ஒரு சிலரில் நோல் முக்கியமானவர். எட்டில் ஒருவரால்தான் இது முடியும் என்று டெய்லரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

டார்கெட் என்றால் சராசரி ஆளால் முடிகிற அளவா, அல்லது எட்டில் ஒருவரால் முடிகிற அளவா? டெய்லர் இரண்டாவதைத்தான் எடுத்தார். அவர் பாஷையில் அதற்குப் பெயர் முதல் தர ஆள்.

நல்ல பெண்கள், ஆனாலும் வேலை போனது

சைக்கிள் பேரிங்குக்கான எஃகுக் குண்டுகள் செய்யும் ஒரு கம்பெனியிலும் டெய்லர் ஆலோசகராக இருந்தார். அங்கே 120 பெண்கள் இடது கை விரல்களுக்கு நடுவே குண்டுகளை உருட்டி, வெளிச்சத்தில் பார்த்து, பழுதானதைக் காந்தத்தால் எடுத்துப் போடுவார்கள். தினமும் பத்தரை மணி நேர வேலை.

டெய்லர் முறை வந்ததும் வேலை நேரம் எட்டரை மணியாகக் குறைந்தது. ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை 10 நிமிட இடைவேளை. கூலி 80 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது. பழுது கண்டுபிடிப்பதிலும் துல்லியம் கூடியது. பரிசோதிப்பவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, எண்ணிக்கை தெரிந்த பழுதுக் குண்டுகளை அவர்களுக்கே தெரியாமல் கலந்து அனுப்பும் தந்திரமும் இருந்தது.

மொத்தத்தில் 120 பேர் செய்த வேலையை 35 பேர் செய்தார்கள். அந்த 35 பேருக்கு வாழ்க்கை நிஜமாகவே மேம்பட்டது. மற்ற 85 பேர்? கண் பார்த்ததைக் கை செய்யும் வேகம் கொஞ்சம் குறைவு என்பதற்காக, மிகவும் புத்திசாலியான, உழைப்பாளியான, நம்பிக்கையான பெண்கள் பலரையே வெளியே அனுப்ப வேண்டியிருந்தது என்று டெய்லர் வருத்தத்தோடு எழுதினார். வருத்தம் ஒரு வரியில் முடிந்துவிட்டது.

புகழும் வந்தது, எதிர்ப்பும் வந்தது

1901-ல் பெத்லஹேம் நிர்வாகத்தோடு மோதல் முற்றி டெய்லர் வெளியேற்றப்பட்டார். தொழிலாளர்களோடு மட்டுமில்லை, மேனேஜர்களோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. திட்டமிடுவது தனிப் பிரிவு, ஒரு ஃபோர்மேனுக்குப் பதில் எட்டு ஃபோர்மேன் என்றால் எந்த மேனேஜருக்குத்தான் பிடிக்கும்?

அதற்குள் போதுமான செல்வம் சேர்ந்திருந்தது. இனி காசுக்காக வேலை செய்வதில்லை என்று முடிவு செய்து, பிலடெல்பியாவில் பெரிய வீட்டில் மனைவியோடும் தத்தெடுத்த பிள்ளைகளோடும் குடியேறினார். தன் முறையைப் பரப்புவதே வேலை. 1906-ல் இன்ஜினீயர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். ஹார்வர்டில் படிக்காமல் போனவர், புதிதாகத் தொடங்கிய ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் போய் உரையாற்றினார். அவரோடு வேலை பார்த்த ஹென்றி கான்ட் பெயரில்தான் இன்று புராஜெக்ட் மேனேஜர்கள் போடும் கான்ட் சார்ட் இருக்கிறது.

1910-ல் ரயில்வே கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டபோது, வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ் எதிர்த்து வாதாடினார். கட்டணத்தை உயர்த்த வேண்டாம், டெய்லர் முறையைப் பின்பற்றினாலே ரயில்வே ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்று அவர் தரப்பில் சாட்சி சொன்னார்கள். அந்த வழக்கில்தான் விஞ்ஞான நிர்வாகம் என்ற பெயரே நிலைத்தது. அதே பெயரில் 1911-ல் டெய்லரின் புத்தகம் வந்தது.

அதே 1911 ஆகஸ்ட்டில் பாஸ்டன் அருகே வாட்டர்டவுன் ராணுவ ஆயுத ஆலையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் வார்ப்படப் பிரிவுக்குள் நுழைந்தார். அவருக்கு வார்ப்பு வேலையே சரியாகத் தெரியாது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். நேரம் குறிக்க ஒரு தொழிலாளி மறுத்தார். அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். மற்றவர்களும் வெளிநடப்பு செய்தார்கள். இது மனிதனை அவமானப்படுத்துகிற முறை என்று மனு எழுதிக் கொடுத்தார்கள். தொழிலாளர்களிடம் முன்கூட்டியே பேசாமல் ஸ்டாப்வாட்ச்சை எடுக்கக்கூடாது என்பது டெய்லரின் அறிவுரை. அவசரத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

விவகாரம் அமெரிக்க காங்கிரஸ் வரை போனது. விசாரணைக் குழுவின் தலைவர் வில்லியம் வில்சன், சுரங்கத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். 1912 ஜனவரியில் டெய்லர் நாள் கணக்கில் சாட்சி சொன்னார்.

லாபத்தைப் பங்குபோடுவதில் சண்டை போடுவதை விட்டுவிட்டு, இரண்டு தரப்பும் சேர்ந்து லாபத்தையே பெரிதாக்கினால் பங்கு பற்றிய சண்டைக்கே இடமிருக்காது என்று வாதாடினார். ஸ்டாப்வாட்ச் முக்கியமில்லை, மனமாற்றம்தான் முக்கியம் என்றார். பிறகு முதல் தர ஆள் பற்றிப் பேச்சு வந்தது. முதல் தரம் இல்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்று வில்சன் விடாமல் கேட்டார். டெய்லர் வண்டிக் குதிரையையும், பாடத் தெரிந்தும் பாடாத பறவையையும் உதாரணம் காட்டினார். இங்கே பேசுவது குதிரையைப் பற்றியோ பறவையைப் பற்றியோ இல்லை, சமூகத்தில் வாழும் மனிதர்களைப் பற்றி என்று வில்சன் அவரை நிறுத்தினார். மொத்த விசாரணையில் டெய்லரின் கணக்கு தடுமாறிய இடம் இதுதான்.

குழு உடனடியாகச் சட்டம் எதுவும் பரிந்துரைக்கவில்லை. ஆனா தொழிற்சங்கங்கள் விடவில்லை. 1915-ல் ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தப் பணத்தில் எந்தத் தொழிலாளி மீதும் ஸ்டாப்வாட்ச் வைக்கக்கூடாது. அதே ஆண்டு மார்ச் 21-ம் தேதி, 59-வது பிறந்தநாளுக்கு மறுநாள், நிமோனியா காய்ச்சலில் டெய்லர் இறந்தார். தன்னைத் தொழிலாளர்களின் எதிரி என்று சொல்வது கடைசிவரை அவருக்கு வலித்தது.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

அவர் இறந்த வருடமே பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் ஹாக்சி 35 தொழிற்சாலைகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். யாரை வைத்து நேரம் எடுப்பது, எத்தனை முறை எடுப்பது, ஓய்வுக்கு எவ்வளவு சேர்ப்பது என்று ஒவ்வொரு படியிலும் வாட்ச் பிடிப்பவரின் விருப்பம்தான் எண்ணை முடிவு செய்கிறது என்று அதில் காட்டினார். பெத்லஹேமின் 40 சதவீதம் ஒரு விதிவிலக்கு இல்லை, எல்லா இடத்திலும் அதுதான் நிலைமை.

இருந்தும் டெய்லர் முறை கடல் தாண்டியது. ஆரம்பத்தில் இதை மனிதனை மெஷினுக்கு அடிமையாக்கும் வேலை என்று விமர்சித்த லெனின், ஆட்சிக்கு வந்த பிறகு, 1918-ல், சோவியத் ஆலைகளில் இதை முயன்று பார்க்க வேண்டும் என்று எழுதினார். முதலாளித்துவ நாடும் கம்யூனிஸ்ட் நாடும் ஒத்துப்போன அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று.

அமெரிக்க ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் தடை 1949 வரை நீடித்தது. அதற்குள் தனியார் ஆலைகளில் நிலைமை வேறு திசைக்குப் போயிருந்தது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் 1941-ல் சொந்தமாகவே ஒரு மேனேஜ்மென்ட் இன்ஜினீயரிங் பிரிவைத் தொடங்கியது. முதலாளி சொல்கிற நேரம் சரிதானா, பீஸ் ரேட் நியாயமா என்று சரிபார்ப்பது அந்தப் பிரிவின் வேலைகளில் ஒன்று. டெய்லரின் அதே ஸ்டாப்வாட்ச்சை இந்த முறை யூனியன் ஆட்கள் கையில் பிடித்திருந்தார்கள்.